கேட்காமலே எட்டு சதவீதம் குறைத்தேன், என் சூப்பர்வைசர் எதையும் சொல்லவில்லை: பேசவும் ஆட்களை நடத்தவும் எங்கிருந்து தொடங்குவது?

லேத்_பட்டறை எழுதியது:

வணக்கம். சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும்) இயந்திரங்களில் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய தொழில் என்னுடையது. பதினொரு வருடமாக நடத்துகிறேன். தொடங்கியபோது என்னோடு சேர்த்து மூன்று பேர், இப்போது பத்தொன்பது பேர். வேலையில் எனக்குப் பயம் கிடையாது. டிராயிங்கைப் பார்த்தால் எங்கே சிக்கல் வரும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஆட்களோடு பேசும் இடங்களில்தான் பணமும் பெயரும் போகிறது. இந்த வருடம் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது. என் விற்பனையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. வருட ரேட் புதுப்பிக்கப் போயிருந்தேன். பர்ச்சேஸ் மேனேஜர் கொட்டேஷனைப் பார்த்தார், "இது ஒத்துவராதே" என்றார், அப்புறம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி இருக்கும். என்னால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. "சரி சார், எட்டு சதவீதம் குறைத்துக்கொள்கிறேன்" என்று நானே சொன்னேன். அவர் எந்த எண்ணையும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

இரண்டாவது. 600 பீஸ் கொண்ட ஒரு லாட் (ஒரே தடவையில் செய்து அனுப்பும் தொகுதி) முழுதாகத் திரும்பி வந்தது. பாகத்தின் போர், அதாவது உள்துளை, அளவு 40 மைக்ரான் பெரிதாகப் போயிருந்தது. வெட்டும் கருவியின் நிலையைச் சரிசெய்ய இயந்திரத்தில் போடும் எண், ஆஃப்செட், தவறாகப் போடப்பட்டிருக்கிறது. என் சூப்பர்வைசருக்கு இரண்டாம் நாளே சந்தேகம் வந்திருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "அன்றைக்குக் காலையில் 'வியாழக்கிழமை இந்த லாட் போயே ஆக வேண்டும், வேறு பேச்சே வேண்டாம்' என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஏழு வருடமாக என்னோடு இருப்பவர், நல்ல வேலைக்காரர்.

தலைமைப் பண்பு, பேச்சுத்திறன், பேரம் பேசும் திறன் எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் பயிற்சி என்று விளம்பரங்கள் வருகின்றன. அதில் சேரலாமா? மூன்றில் எதை முதலில் கற்றுக்கொள்வது? பெரிய நிறுவனம் நடத்துபவர்களைவிட, என்னைப் போல வேலை தெரிந்து முதலாளி ஆனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


முன்னாள்_பர்ச்சேஸ் எழுதியது:

வணக்கம் சார். உங்களுக்கு எதிரே இருந்த நாற்காலியில் 22 வருடம் உட்கார்ந்தவள் நான். இப்போது சொந்தமாக ஒரு சிறு தொழில் நடத்துகிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

கொட்டேஷனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம். அதற்குச் செலவே கிடையாது. பத்தில் ஆறேழு பேர் தானாகவே குறைப்பார்கள் என்பது என் அனுபவம். அந்த மேனேஜர் உங்களை ஏமாற்றவில்லை, காத்திருந்தார், அவ்வளவுதான். நீங்கள் அவருடைய அமைதிக்கு விலை கொடுத்தீர்கள்.

முதலில் அந்த எட்டு சதவீதம் என்ன என்று பார்ப்போம், பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. விலை 100, அடக்கம் 80, லாபம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு குறைத்தால் லாபம் 12. முன்பு 100 பீஸில் வந்த லாபம் இப்போது வர 167 பீஸ் ஓட்ட வேண்டும். அடக்கம் குறையாதவரை, அதே இயந்திரம், அதே ஆட்களை வைத்து மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் வேலை. விற்பனையில் எட்டு என்பது லாபத்தில் நாற்பது. இந்த எண் மனதில் இருந்தால் அந்தப் பத்து விநாடி அவ்வளவு கனமாக இருந்திருக்காது.

இனி தயாரிப்பு. பேச்சு மேசையில் நடப்பதில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ராஜர் ஃபிஷர், வில்லியம் யூரி என்ற இரண்டு ஹார்வர்டு ஆட்கள் 1981இல் ஒரு கேள்விக்குப் பெயர் வைத்தார்கள்: பேச்சு முறிந்தால் என் கையில் மிஞ்சும் ஆகச் சிறந்த வழி எது? ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பாட்னா' என்பார்கள். உங்கள் பாட்னா பலவீனமாக இருக்கிறது. நாற்பது சதவீதம் ஒரே இடத்தில் இருக்கும்போது எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வயிற்றில் பயம் இருக்கும், அது முகத்தில் தெரியும். இதை எந்தப் பேச்சுப் பயிற்சியும் சரி செய்யாது. இன்னும் இரண்டு வாடிக்கையாளரைப் பிடிப்பதுதான் சரி செய்யும். அதற்கு ஒரு வருடம் ஆகலாம், ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை.

ஆனால் எதிர்ப்பக்கத்தின் பாட்னாவையும் பாருங்கள் சார், இங்கேதான் சப்ளையர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கடைந்த பாகத்துக்குப் புது சப்ளையரைக் கொண்டுவர வேண்டுமென்றால் சாம்பிள் வாங்க வேண்டும், முழு அளவு அறிக்கை வேண்டும், தரப் பிரிவு ஒப்புதல் வேண்டும், முதல் சில லாட்டைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும். "இன்னொருவர் உங்களைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்" என்று நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சில நேரம் உண்மை. பல நேரம் அந்த இன்னொருவர் ஒப்புதலே வாங்காதவர். எனக்குத் தூக்கம் போனது விலையால் அல்ல, பாகம் வராமல் உற்பத்தி லைன் நின்றுபோன நாட்களில்தான். நேரத்துக்குக் கொடுக்கும் சப்ளையர் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. உங்கள் மூன்று வருட டெலிவரிக் கணக்கை ஒரே தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். (அந்த 600 பீஸையும் சேர்த்துத்தான். அவரிடம் அந்தக் கணக்கு இருக்கிறது. நீங்களே எடுத்து வைத்தால் நம்பிக்கை கூடும்.)

யார் முதலில் எண் சொல்வது என்று கேட்பார்கள். டிவெர்ஸ்கி, கானெமான் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள், அது 10இலோ 65இலோ நிற்கும்படி முன்பே ஏற்பாடு. அப்புறம், ஐ.நா. சபை உறுப்பினர்களில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்கூட மனதை இழுக்கிறது. ஆகவே அடக்கமும் சந்தை நிலவரமும் தெரிந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவருடைய அமைதி நீளட்டும். ரொம்ப நீண்டால் குறைக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடம் சார் ஒத்துவரவில்லை, மொத்த விலையா, ஒரு குறிப்பிட்ட பாகமா?" பெரும்பாலும் ஒரு பாகம்தான் இருக்கும். பட்டியலில் இருபது பாகம் இருந்தாலும் மேலதிகாரி கேள்வி கேட்கப்போவது இரண்டைப் பற்றித்தான்.

குறைத்தே ஆக வேண்டும் என்றால், சும்மா குறைக்காதீர்கள். தமிழில் நிபந்தனைதான் வாக்கியத்தில் முன்னால் வரும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். "நீங்கள் ஆறு மாத ஷெட்யூலை உறுதி செய்து கொடுத்தால், இந்த இரண்டு பாகத்தில் இரண்டு சதவீதம் பார்க்கிறேன்." அறுபது நாளில் வரும் பணம் நாற்பத்தைந்து நாளில் வருவது, மூலப்பொருள் விலை ஏறினால் ரேட்டை மாற்றும் ஒப்பந்தம், ஒரே தடவையில் பெரிய லாட், இவையெல்லாம் உங்களுக்குப் பணம்தான். மேனேஜருக்கோ விலையைவிடச் சுலபமாகக் கொடுக்கக் கூடியவை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முதல் குறைப்பே எட்டு என்றால், உள்ளே இன்னும் பதினாறு இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைப்போம். இரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் அரை என்று சுருங்கினால் அடி தெரிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவோம்.


ஹேங்கர்_மூன்று எழுதியது:

மேடம் பேரத்தைப் பற்றி நன்றாக எழுதிவிட்டார். எனக்கு உங்கள் இரண்டாவது சம்பவம்தான் மனதை உறுத்துகிறது. விமானப் பராமரிப்பில் ஒன்பது பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். எங்கள் துறை இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துப் படித்தது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், மூடுபனி. ஓடுபாதையில் ஒரு போயிங் 747 இன்னும் விலகாமல் இருக்கிறது. இன்னொரு 747இன் கேப்டன் அனுமதி இல்லாமலே புறப்பாட்டைத் தொடங்கிவிட்டார். அவர் சாதாரண ஆள் அல்ல, அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்தவர். பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

அடுத்த வருடமே அமெரிக்காவின் போர்ட்லாந்தில் டிசி-8 என்ற பயணிகள் விமானம். சக்கரத்தில் கோளாறு என்று அதிலேயே கவனமாக வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள், எரிபொருள் தீர்ந்துவிட்டது. எரிபொருள் குறைவதை இன்ஜினியர் அறிந்திருந்தார், சொல்லவும் செய்தார். ஆனால் கேப்டன் மனதில் தைக்கும்படி சொல்லவில்லை. பத்து பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது, விமானிகள் அறையில் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசுவதையே தனிப் பயிற்சியாக்கினார்கள். இளையவருக்குத் துணிந்து சொல்லப் பயிற்சி, கேப்டனுக்குக் காது கொடுக்கப் பயிற்சி. ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் பலன் இல்லை.

உங்கள் சூப்பர்வைசர் அந்த இன்ஜினியர்தான் சார். "வேறு பேச்சே வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதை அவர் சொன்னபடியே கடைப்பிடித்திருக்கிறார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் பத்து நிமிடம் நின்றபடியே பேசுவோம். நான் கடைசியில்தான் பேசுவேன். நான் முதலில் கருத்துச் சொன்னால் மற்ற எட்டுப் பேரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். "எல்லாம் சரிதானே?" என்று கேட்பதை விட்டுவிட்டேன், அதற்கு "சரி" என்பதைத் தவிரப் பதில் கிடையாது. "இன்றைய வேலையில் எது தப்பாகப் போக வாய்ப்பு அதிகம்?" என்று கேட்பேன். முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. காத்திருந்தேன்.

யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் என் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறேன். "சொன்னது நல்லது, எப்போது பார்த்தாய்?" "ஏன்?" என்ற சொல் அன்றைக்கு வராது. ஏன் என்ற கேள்விக்கு மறுநாள் நேரம் இருக்கிறது. அந்த முதல் வாக்கியத்தைக் கேட்பது ஒருவர் அல்ல, சுற்றி நிற்கும் எல்லோரும்.

அப்புறம், உத்தரவு கொடுத்தால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்பது எங்கள் துறையில் விதி. பட்டறையில் ஆஃப்செட் எண்ணை மாற்றும்போது ஒருவர் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொன்னால் ஐந்து விநாடி ஆகும். 600 பீஸ் தப்பியிருக்கலாம்.


இரண்டாம்_ஷிஃப்ட் எழுதியது:

சார், நான் முதலாளி இல்லை. வேறொரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முதலாளிகளைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் உங்கள் சூப்பர்வைசர் இடத்திலிருந்து ஒருவர் சொல்வது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

நாங்கள் சொல்லாமல் இருப்பது அக்கறை இல்லாததால் அல்ல. என் பழைய இடத்தில் ஒரு முறை அளவு மாறுகிறது என்று போய்ச் சொன்னேன். "பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா" என்றார்கள். கேட்க நன்றாக இருக்கும் வாக்கியம். அதற்குப் பிறகு எனக்குத் தீர்வு தெரிந்ததை மட்டும் சொன்னேன். தீர்வு தெரியாதவைதான் பெரியவை, அவை எனக்குள்ளேயே இருந்துவிட்டன. தயவுசெய்து அந்த வாக்கியத்தை உங்கள் பட்டறையில் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, இடம். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டால் என் ஆபரேட்டரை நான் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும், அதனால் சொல்ல மாட்டேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, பீஸைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டால் தானாக வாயில் வந்துவிடும்.

முக்கியமானது நிறுத்தும் அதிகாரம். டொயோட்டா ஆலைகளில் ஆண்டன் கயிறு என்று ஒன்று உண்டு. கோளாறைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவந்து பார்ப்பார், குறித்த நேரத்தில் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். உங்களுக்குக் கயிறு வேண்டாம், "சந்தேகம் வந்தால் நிறுத்து, கேள்வி கேட்க மாட்டேன்" என்ற உங்கள் வார்த்தை போதும். ஆனால் முதல் முறை ஒருவன் நிறுத்தும்போது உங்கள் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். அன்றைக்குத்தான் உங்கள் வார்த்தை நிஜமா என்று தெரியும்.


மேசைப்பேச்சு எழுதியது:

பயிற்சியில் சேரலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. இரண்டு நாள் பயிற்சியில் கேட்கலாம், பழக முடியாது. நீந்தக் கற்பது போலத்தான், தண்ணீரில் இறங்கும் நாட்கள்தான் கணக்கு. நான் நான்கு வருடம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்தில் பேசினேன். 1924இல் தொடங்கிய பழைய அமைப்பு, பல நாடுகளில் கிளைகள் உண்டு. முன்தயாரிப்பு இல்லாமல் ஓரிரு நிமிடம் பேசும் பகுதி, நேரம் குறிக்கும் ஆள், "அ... வந்து..." என்று இழுப்பதை எண்ணும் ஆள், கேட்டுவிட்டுக் குறைநிறை சொல்லும் ஆள் எல்லாம் இருப்பார்கள். திரும்பத் திரும்பச் செய்வதால் பயம் போகும்.

ஆனால் மேடைப்பேச்சு வேறு, மேசைப்பேச்சு வேறு. மேடையில் நிற்கும் தைரியம் வந்த பிறகும் பேரத்தில் நான் தடுமாறினேன். அதற்கு ஒத்திகைதான் உதவியது. நண்பர் ஒருவரை வாங்குபவராக உட்காரச் சொல்லி, மிகக் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லி, மூன்று தடவை பேசிப் பார்ப்பேன். அதைப் போனில் பதிவு செய்து கேட்பேன். கேட்பது கஷ்டமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். எந்த இடத்தில் தேவையில்லாமல் இறங்குகிறீர்கள் என்று உங்கள் காதுக்கே தெரியும்.

மேடம் சொன்ன அமைதியில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு. நேரில் அது வேலை செய்யும். போனில் பத்து விநாடி பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைப்பார்கள். "யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பதுதான் போனில் அமைதி.


லேத்_பட்டறை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன். எந்தப் பயிற்சியிலும் சேரவில்லை.

முதலில் சூப்பர்வைசரிடம் பேசினேன். இரண்டாம்_ஷிஃப்ட் தம்பி சொன்னதுபோல இயந்திரத்துக்குப் பக்கத்தில். அந்த லாட்டுக்கு நானும் பொறுப்பு என்று சொன்னேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன், சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும் சொன்னேன். ஒன்பது நாள் யாரும் நிறுத்தவில்லை. பத்தாம் நாள், வந்து நான்கு மாதமே ஆன ஒரு பையன் நிறுத்தினான். அவசர லாட். துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜ் உள்ளே போக மறுக்கிறது என்றான். போய்ப் பார்த்தால் கேஜில் சிறிய பிசிறு ஒட்டியிருந்தது, பாகத்தில் குறை இல்லை. நாற்பது நிமிடம் போனது. எனக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஹேங்கர் ஐயா சொன்ன வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதையே சொன்னேன். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று முறை வெவ்வேறு ஆட்கள் நிறுத்தினார்கள். அதில் ஒன்றில் இன்செர்ட் (வெட்டும் கருவியில் மாட்டும் துண்டு) முனை உண்மையாகவே உடைந்திருந்தது, பதினோரு பீஸோடு பிடித்துவிட்டோம்.

எட்டு சதவீதம் திரும்ப வராது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆனால் அதே வாடிக்கையாளர் ஒரு லாட்டை இரண்டு வாரம் முன்கூட்டி வேண்டும் என்று போன் செய்தார். முன்பெல்லாம் உடனே "சரி" என்பேன். "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். மறுநாள், "இந்த லாட்டின் பணம் அறுபது நாளுக்குப் பதில் நாற்பத்தைந்தில் வந்தால், இரண்டு ஷிஃப்ட் ஓட்டிக் கொடுக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கையால் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் "அக்கவுண்ட்ஸில் கேட்கிறேன்" என்றார். மூன்று நாளில் ஒப்புக்கொண்டார்கள்.

காலைக் கூட்டத்தில் கடைசியில் பேசுவது மட்டும் இன்னும் வரவில்லை. பாதி நாள் நானே முதலில் பேசிவிடுகிறேன்.

மேடம், அடுத்த செவ்வாய் அதே மேனேஜரோடு ஒரு புதிய பாகத்துக்குப் பேச்சு. என்னோடு சேர்த்து மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை அமைதிக்கு அமைதி என்று தயாராக இருக்கிறேன். வேறு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?


முன்னாள்_பர்ச்சேஸ் எழுதியது:

மூன்று பேரிடம் கேட்டது வழக்கம்தான், அதற்காகக் கலங்காதீர்கள். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த விலையில் எழுந்து வந்துவிடுவீர்கள், அந்த நேரம் அந்த இயந்திரத்தில் வேறு எந்த வேலையை ஓட்டுவீர்கள், குறைத்தால் பதிலுக்கு என்ன கேட்பீர்கள். திங்கள்கிழமைக்குள் எண்களை மறைத்துவிட்டு அந்தத் தாளை இங்கே போடுங்கள். இரண்டாவது வரி காலியாக இருந்தால் செவ்வாய்க்கிழமையை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள்.